எட்டு லட்சத்துக்கு ஆயிரம் குறைய

வீட்டைக் கட்டிப்பார், கலியாணம் பண்ணிப்பார் என்று சொல்லிவைத்தவர்கள் வாங்கிப்பார் என்று ஏன் சொல்லாமல் விட்டார்கள்? அந்தக் காலத்தில் வீட்டை யார் வாங்கினார்கள்! குருநகர்ப் பக்கத்தில் வீடு என்பது வாங்குகிற சாமான் அல்ல, வந்து சேருகிற சாமான். தாய் மகளுக்குச் சீதனமாக எழுதுவாள். அந்த மகள் தன் மகளுக்கு எழுதுவாள். பெர்னடெட்டுக்கு அவள் தாய் எழுதியதும் அப்படித்தான். அவள் தன் மூத்த மகளுக்கு எழுதியதும் அப்படித்தான்.

ஆகவே இளைய மகள் கிறிஸ்ரினா, கொக்குவிலில் ஒரு தொடர்மாடியின் மூன்றாம் தட்டில் வீடு வாங்கப் புறப்பட்டபோது, அந்தக் குடும்பத்தின் சரித்திரத்திலேயே வீட்டுக்கு விலை கேட்ட முதல் ஆள் அவள்தான். முதலில் போகிறவருக்குத்தான் முள் குத்தும். குத்திவிட்டது.

சென்ற வாரம் படிக்கத் தவறியவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வீட்டின் விலை இரண்டு கோடி ரூபாய். ஆஸ்பத்திரியில் தாதியாக இருக்கும் கிறிஸ்ரினாவுக்கு வங்கி கொடுக்கிற கடன், மன்னாரில் வேலை பார்க்கும் அவள் கணவன் றெஜியின் சேமிப்பு, நோர்வேயிலிருந்து மூத்தவள் அனுப்பியது, தகப்பன் சிமியோன் கடலில் உழைத்து வைத்தது, எல்லாம் சேர்த்து இரண்டு கோடியை எட்டிப்பிடித்தார்கள். திரைச்சீலைக்குக்கூடக் காசு ஒதுக்கியிருந்தார்கள். வீடு மந்திரிக்க வருகிற சுவாமியாருக்குக் கொடுக்கப்போகும் சாப்பாட்டில் இறால் உண்டா இல்லையா என்பது வரைக்கும் பேசி முடித்திருந்தார்கள்.

முத்திரை வரியை ஒருவரும் நினைக்கவில்லை.

திங்கட்கிழமை பின்னேரம் உறுதிப் பத்திரம் எழுதுகிற நொத்தாரிசு றொசாந்தி தொலைபேசியில் கூப்பிட்டு, "வெள்ளிக்கிழமை கையெழுத்துக்கு வரேக்கை முத்திரைக் காசையும் கொண்டு வாங்கோ" என்று சாதாரணமாகச் சொன்னாள். எவ்வளவு என்று கிறிஸ்ரினாவும் சாதாரணமாகத்தான் கேட்டாள். முதல் ஒரு லட்சத்துக்கு நூற்றுக்கு மூன்று, மிச்சத்துக்கு நூற்றுக்கு நான்கு. எட்டு லட்சத்துக்கு ஆயிரம் குறைய. நொத்தாரிசின் கூலி, பதிவுச் செலவு எல்லாம் சேர்ந்தால் பத்து லட்சம் என்று வைத்துக்கொள்ளலாம்.

வெள்ளிக்கிழமை முடிக்காவிட்டால் வீடு கைவிட்டுப் போகும். விற்கிறவர் ஞாயிற்றுக்கிழமை லண்டனுக்கு மகளிடம் போகிறார். அவருடைய படலையில் இன்னொருவர் முழுக் காசோடு நிற்கிறார்.

சென்ற வாரக் கதை அந்த இடத்தில்தான் நின்றது. இன்றைக்குச் செவ்வாய்க்கிழமை.

இரவு வேலை முடிந்து வந்த கிறிஸ்ரினா வெள்ளைச் சட்டையைக்கூட மாற்றாமல் குசினி வாங்குப் பலகையில் இருந்தாள். சிமியோன் கடலால் வந்து, கால் கழுவி, தேத்தண்ணிக் கோப்பையோடு வாசற்படியில் குந்தியிருந்தார். பெர்னடெட் அடுப்படியில் ஒட்டி மீனுக்குச் சொதி வைத்துக்கொண்டிருந்தாள். 

"அம்மா, அக்காவுக்கு இந்த வீட்டை எழுதேக்கை எவ்வளவு வரி கட்டினனீங்கள்?" என்று கிறிஸ்ரினா கேட்டாள்.

"ஆருக்கு ஞாபகம்? என்னவோ கொஞ்சக் காசு. கொப்பர் போய்க் கட்டிப்போட்டு வந்தவர்."

"அதுதான். பிள்ளைக்கு எழுதிக் குடுக்கிறதுக்கு வரி குறைவாம். விலைக்கு வாங்கிறதுக்குத்தான் இந்த அடி."

"ஆனையை வாங்கிப்போட்டு அங்குசத்துக்கு முழிக்கிற கதை," என்றார் சிமியோன். "பாங்கிலை கேட்டனியே?"

"கேட்டனானப்பா. வீட்டுக்குத்தான் தருவினமாம். வரிக்குத் தரமாட்டினமாம்."

சிமியோன் ஒரு மிடறு குடித்தார். "தரகர் ஒரு வழி சொன்னவர். உறுதியிலை விலையை ஒரு கோடி எண்டு போட்டால், வரி பாதியாய்ப் போகுமாம்."

"லோனும் பாதியாய்ப் போகும். உறுதியிலை கிடக்கிற விலைக்குத்தான் பாங் காசு தரும். அதோடை அது களவப்பா."

"நான் சரியெண்டே சொன்னனான்? அவர் சொன்னதைச் சொன்னன்," என்று சிமியோன் கோப்பைக்குள் பார்த்துக்கொண்டார். பிறகு, "என்ஜினை விக்கலாம்" என்றார்.

"வித்துப்போட்டு? வள்ளத்துக்குப் பின்னாலை நீந்தித் தள்ளப்போறியளோ?" என்றாள் பெர்னடெட்.

கிறிஸ்ரினாவுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே எழுந்தாள். "விடுங்கோ. அந்த வீடு எங்களுக்கு இல்லையெண்டு நினைப்பம். இஞ்சை எங்களுக்கு என்ன குறை? பேந்து ஒரு காலம் பாப்பம்." சொல்லிவிட்டு முன்னறைக்குப் போய்க் கதவைச் சாத்தினாள்.

அந்தச் சிரிப்பைப் பெற்றவளிடமா காட்டுவது? பெர்னடெட்டின் நெஞ்சு சொதியை விட மோசமாகக் கொதித்தது.

இஞ்சை என்ன குறை என்று பிள்ளை கேட்டாள். குறை இருந்தது. இந்த வீடு மூத்தவளுடையது. கிறிஸ்ரினாவும் றெஜியும் கலியாணம் முடித்த நாளிலிருந்து இதன் முன்னறையில் இருக்கிறார்கள். மூத்தவள் தங்கமான பிள்ளை, ஒரு நாளும் ஒரு சொல் சொல்லமாட்டாள். ஆனாலும் உறுதி அவள் பேரில். இளையவளுக்கு எழுதிக் கொடுக்கப் பெர்னடெட்டிடம் ஒரு கதவுகூட மிச்சமில்லை. றெஜியின் ஆட்கள் வீடு கேட்கவில்லை என்பது உண்மை. கேட்காததால் கொடுக்க வேண்டியதில்லை என்று எந்தத் தாய் நினைப்பாள்? நான்கு வருடமாக அவள் இதை ஒருவருக்கும் சொல்லாமல் விழுங்கிக்கொண்டிருக்கிறாள்.

ஒரேயொரு துண்டு நிலம் அவள் பேரில் கிடந்தது. பாசையூரில் அரைப் பரப்பு.

சொதியை இறக்கிவைத்துவிட்டுக் குடையை எடுத்தாள். "நான் பாசையூர் அந்தோனியாரிட்டைப் போட்டு வாறன்" என்றாள்.

செவ்வாய்க்கிழமையில் அந்தோனியார் கோவிலுக்குப் போகிறவளை ஏனென்று யார் கேட்பார்கள்? சிமியோன் தலையை ஆட்டினார். காணாமற்போனதைத் தேடித் தருகிற புனிதர். கையில் இல்லாத காசைத் தேடித் தருவாரா என்பதுதான் கேள்வி.

அவள் முதலில் போனது கோவிலுக்கு அல்ல, நொத்தாரிசு கந்தோருக்கு.

றொசாந்திக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். மேசை நிறையக் கட்டுக்கட்டாக உறுதிகள். பெர்னடெட் வந்த விஷயத்தை இரண்டு வசனத்தில் சொல்லி முடித்தாள். பாசையூரில் அரைப் பரப்பு. பக்கத்து ஐஸ் கொம்பனிக்காரர் நெடுநாளாகக் கேட்கிறார், பத்து லட்சம் தருவார். விற்க வேண்டும்.

"முழுக்க உங்கடையோ அம்மா?"

"வளவு ஒரு பரப்பு. பிரிக்கேல்லை. பாதி என்ரை, சீதனத்திலை வந்தது. பாதி அண்ணையின்ரை."

றொசாந்தி பேனையை வைத்தாள். "அப்ப ரெண்டு பேரிட்டை ஓம் வாங்கோணும். ஒண்டு, உங்கடை அவர். எங்கடை தேசவழமைச் சட்டப்படி மனுசி தன்ரை காணியை விக்கிறதெண்டால் மனுசனும் சேர்ந்து கையெழுத்து வைக்கோணும். மற்றது உங்கடை அண்ணர். வெளியாளுக்கு விக்க முதல் பங்காளியைக் கேக்கோணும். அவர் வேண்டாமெண்டால்தான் மற்ற ஆள். கேக்காமல் வித்தால் அவர் வழக்குப் போடலாம்."

"காணி என்ரை."

"ஓம்."

"விக்கிறது நான்."

"ஓமம்மா."

"கேக்கவேண்டியது ரெண்டு ஆம்பிளையளை."

றொசாந்தி சிரித்துவிட்டாள். "சட்டத்தை நான் எழுதேல்லை அம்மா."

"எங்கடை அவர் பிரச்சினையில்லை. அண்ணையோடைதான் நாலு வருசமாய்க் கதை இல்லை."

"ஏன், காணிப் பிரச்சினையோ?"

"இல்லைப் பிள்ளை. கார்ப் பிரச்சினை."

காணிக்காகச் சண்டை பிடித்துக் காருக்குச் சமாதானமாகிற குடும்பங்களை றொசாந்தி பார்த்திருக்கிறாள். இது புதிது. கிறிஸ்ரினாவின் கலியாணத்தன்று, பொம்பிளைக் காரின் முன் சீற் தாய்மாமன் யாகோப்புக்கு உரியது. அவர் மடித்த சால்வையோடு வந்து பார்த்தபோது அதில் வீடியோக்காரன் கமெராவோடு ஏறியிருந்தான். அவசரத்தில் யாரோ யாகோப்புவைப் பின்னால் நின்ற வானில் ஏற்றி, மடியில் கேக்குப் பெட்டியையும் வைத்துவிட்டார்கள். கோவில் வாசலில் பெட்டியைப் பத்திரமாக இறக்கிக் கொடுத்தார். பூசை முடிய ஒரு வாய் தண்ணீரும் குடிக்காமல் வீட்டுக்குப் போய்விட்டார். மன்னிப்புக் கேட்க அடுத்த நாள் போகலாம் என்று பெர்னடெட் நினைத்தாள். அடுத்த நாள் அவர் வந்து ஏசட்டும் என்றும் நினைத்தாள். இரண்டும் நடக்கவில்லை. இப்படித்தான் நான்கு வருடம் போனது.

கோவிலில் மெழுகுதிரி கொளுத்தினாள். வழக்கமாக நீளமாகச் செபிப்பவள் அன்றைக்கு, "நீரே பாத்துக்கொள்ளும்" என்று மட்டும் சொல்லிவிட்டு ஒழுங்கைக்குள் இறங்கினாள்.

வளவின் பாதியில் யாகோப்புவின் வாடி நின்றது. அதற்குள் வலைகள், மிதவைகள், ஒரு பழைய என்ஜின். மற்றப் பாதி வெறுமையாக, சுத்தமாகக் கூட்டியிருந்தது. யாகோப்பு வாங்கில் குந்தியிருந்து, கிழிந்த வலையை ஊசியால் பொத்திக்கொண்டிருந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. நான்கு வருடத்தில் ஒரு மனிதர் இவ்வளவு நரைப்பாரா என்று நினைத்துக்கொண்டே அவள் குடையை மடக்கினாள்.

வா என்று அவர் சொல்லவில்லை. போ என்றும் சொல்லவில்லை. வலையை ஒரு பக்கம் இழுத்தார். வாங்கில் ஒருவர் இருக்க இடம் வந்தது.

"ஆரும் செத்துப்போச்சினமோ?" என்று கேட்டார்.

"ஒருத்தரும் சாகேல்லை."

"அப்ப ஏன் வந்தனீ?"

பெர்னடெட் இருந்தாள். கொக்குவில் வீடு, இரண்டு கோடி, முத்திரை வரி, வெள்ளிக்கிழமை, எல்லாவற்றையும் மூச்சு விடாமல் சொன்னாள். கடைசியில், "என்ரை பாதியை விக்கப்போறன் அண்ணை. முதல் உங்களைக் கேக்கோணுமாம். கேட்டிட்டன்" என்றாள்.

"உன்ரை பாதி," என்றார் யாகோப்பு.

அந்த வளவு முழுவதும் ஒரு காலத்தில் அவருக்கென்று இருந்தது. தங்கச்சியின் கலியாணப் பேச்சில் மாப்பிள்ளை வீட்டார் இன்னும் ஏதாவது காணி சேர்த்தால் நல்லது என்றார்கள். சிமியோனுக்கு அது தெரியாது, தெரிந்திருந்தால் வெட்கத்தில் கடலுக்குள் இறங்கியிருப்பார். அன்றைக்கு யாகோப்புதான் எழுந்து, "பாதியை அவளுக்கு எழுதுங்கோ" என்று சொன்னவர். தன் கலியாணத்தையும் ஐந்து வருடம் தள்ளி வைத்தவர்.

"விட்டுக் குடுத்ததை நானே காசு குடுத்து வாங்கிறதோ?"

"நீங்கள் வாங்காட்டி ஐஸ் கொம்பனிக்காரன் வாங்குவான்."

"சட்டம் சொன்னதெண்டோ என்னட்டை வந்தனீ?"

"ஓம். சட்டம் சொன்னதெண்டுதான் வந்தன். சொல்லாட்டி எனக்கு வெக்கம் விட்டிருக்காது," என்றாள் பெர்னடெட். "நாலு வருசமாய் ஒவ்வொரு செவ்வாயும் அந்தோனியாரிட்டை வாறன். ஒவ்வொரு செவ்வாயும் உந்த ஒழுங்கை முகப்பிலை நிண்டுபோட்டுத்தான் திரும்பிப் போறன். உங்களுக்கு அது தெரியுமோ?"

"தெரியும்," என்றார் யாகோப்பு. "வேலிக்கு மேலாலை குடை தெரியிறது."

பெர்னடெட் முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டாள். தெரிந்துகொண்டா இருந்தார்! ஒரு தடவை கூப்பிட்டிருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும்? அவள் ஒரு தடவை படலையைத் திறந்திருந்தால்தான் என்ன குறைந்துபோயிருக்கும்? தான் ஆடாவிட்டாலும் தன் தசை ஆடும் என்பார்கள். இங்கே தசை நான்கு வருடமாக ஆடிக்கொண்டுதான் இருந்தது, இரண்டு பேரும் அதைப் பிடித்து வைத்துக்கொண்டிருந்தார்கள்.

"அழாதை," என்றார் யாகோப்பு. அவருடைய மூக்கும் சிவந்திருந்தது. "உவன் ஐஸ்காரன் வந்து என்ரை வலைக்குப் பக்கத்திலை சீமெந்து ஊத்தவோ? நான் வாங்கிறன். பத்துத் தாறன். புது வலைக்கெண்டு வைச்ச காசு கிடக்கு. பழசைப் பொத்திப் பொத்தி ஓடலாம்."

"அண்ணை, ஒண்டு சொல்லோணும்."

"என்ன?"

"வாங்கிற ஆள்தான் முத்திரை வரி கட்டோணும்."

"நானோ?"

"ஓம்."

"எனக்கும் நூற்றுக்கு நாலோ?"

"நாலுதான்."

யாகோப்பு ஊசியைக் கீழே வைத்துவிட்டு அவளைப் பார்த்தார். "உன்ரை மகள் வரி கட்டுறதுக்கு நான் ஒரு வரி கட்டோணும். எங்கடை குடும்பம் ஆருக்கும் சீதனம் குடுக்காட்டிலும், அரசாங்கத்துக்கு ஒழுங்காய்க் குடுக்குது."

இரண்டு பேரும் சிரித்தார்கள். சிரிப்பு நிற்க நேரமெடுத்தது.

"மச்சான் கையெழுத்து வைப்பானோ?" என்று கேட்டார் யாகோப்பு, அவள் எழும்பியபோது.

"அவரோ? நான் சொன்னால் வைப்பார்," என்றாள் பெர்னடெட்.

நெடுங்காலம் சேர்ந்து வாழ்ந்தவர்களுக்குத்தான் இப்படியொரு நம்பிக்கை வரும். அந்த நம்பிக்கை கவிழ்வதும் அவர்களிடத்தில்தான்.

சிமியோன் மாமரத்துக்குக் கீழே இருந்து அவள் சொன்னது முழுவதையும் கேட்டார். யாகோப்புவோடு கதைத்துவிட்டு வந்தாள் என்றதும் அவருடைய முகம் மலர்ந்தது. "அது நல்ல வேலை. அதுக்கு நான் உனக்கு எத்தினை தரம் சொன்னனான்" என்றார். ஒரு தரமும் சொன்னதில்லை. பிறகு காணிக் கதைக்கு வந்தபோது, "நான் கையெழுத்து வைக்கமாட்டன்" என்றார்.

"என்ன?"

"வைக்கமாட்டன்."

"அண்ணை ஓமெண்டிட்டார்."

"கொண்ணர் ஓமெண்டால் அது அவற்றை பாடு."

"பிள்ளையின்ரை வீடு போகப்போகுது. நீங்கள் இஞ்சை சட்டம் கதைக்கிறியள்!"

சிமியோன் சத்தம் போடுகிற மனிதர் அல்ல. அன்றைக்கும் போடவில்லை. "இஞ்சேர் பெர்னடெட், இதைக் கேள். நாளைக்குக் கடலிலை எனக்கு ஏதும் நடந்தால், இந்த வீடு மூத்தவளின்ரை. கொக்குவில் வீடு இளையவளின்ரை. வள்ளம் வந்த விலைக்குப் போகும். உனக்கெண்டு கிடக்கிறது அந்த அரைப் பரப்பு ஒண்டுதான். பிள்ளையள் உன்னைத் தள்ளமாட்டுதுகள், எனக்குத் தெரியும். எண்டாலும் ஒரு மனுசிக்குத் தன்ரை எண்டு சொல்லக் கால் வைக்க ஒரு இடம் வேணும். உன்ரை காணிக்கு என்ரை கையெழுத்து ஏன் வேணுமெண்டு சட்டம் வைச்சதோ எனக்குத் தெரியாது. வைச்சிட்டுது. அதை நான் இதுக்குத்தான் பாவிப்பன்."

பெர்னடெட்டுக்குக் கோபம் தலைக்கு ஏறியது. அந்தக் கோபத்துக்குள்ளே, இப்படியொரு மனிதரோடு வாழக் கிடைத்ததே என்ற பெருமையும் கிடந்து முட்டியது. இரண்டும் சேர்ந்து வந்தால் ஒரு பெண் என்ன செய்வாள்? அவள் சண்டை பிடித்தாள்.

"எனக்கு இடம் வேண்டாம்! எனக்கு என்ன வேணுமெண்டு என்னைக் கேட்டனீங்களே? எங்கடை அம்மா எனக்கு ஒரு வீடு எழுதித் தந்தவ. நான் மூத்தவளுக்கு எழுதினன். இவளுக்கு என்னத்தை எழுதினன்? என்ரை வயித்திலை பிறந்த பிள்ளை, தமக்கையின்ரை வீட்டு முன்னறையிலை வாயைத் திறக்காமல் கிடக்குது. வீடு குடுக்க எனக்கு வழியில்லை. அதுக்குக் கட்டுற முத்திரைக் காசையாவது நான் குடுக்கிறன். ஊரிலை தாய்மார் மகளுக்கு வீடு குடுத்தினம். நான் வரி குடுத்தன் எண்டாவது இருக்கட்டும்."

சொல்லி முடித்துத் திரும்பினால் கிறிஸ்ரினா முன்வாசலில் நின்றாள். தலை கலைந்திருந்தது. எவ்வளவு நேரம் நின்றாளோ தெரியாது.

"அம்மா, இது எத்தினை நாளாய் உங்கடை மனசுக்குள்ளை கிடக்கு?"

"நீ போய்ப் படு."

"எனக்கு முன்னறை ஒரு நாளும் குறையாய்த் தெரியேல்லை."

"எனக்குத் தெரிஞ்சது."

கிறிஸ்ரினா வந்து தாய்க்குப் பக்கத்தில், வெறும் மண்ணில் இருந்தாள். நோயாளியின் இரண்டு வருத்தத்துக்கும் ஒரே மருந்து இருக்கிறதா என்று யோசிக்கிற தாதியின் முகத்தோடு அவள் தகப்பனையும் தாயையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு தொலைபேசியை எடுத்தாள்.

"மிஸ், கிறிஸ்ரினா கதைக்கிறன். வெள்ளிக்கிழமை உறுதியிலை என்ரை பேரும் றெஜியின்ரை பேரும்தானே? அதிலை அம்மாவின்ரை பேரையும் சேர்த்தால் வரி கூடுமோ?"

றொசாந்தியின் குரல் வெளியே கேட்டது. "பேருக்கு வரி இல்லை. விலைக்குத்தான் வரி. மூண்டு பேர் போட்டாலும் அதே காசுதான். ஆனால் வீடு பாங்குக்கு ஈடாய் நிக்கிறபடியால் அம்மாவும் அங்கை கையெழுத்து வைக்கோணும். பாங்கிலை நான் நாளைக்குக் கேட்டுச் சொல்லுறன். அதோடை உம்மடை அவர் சம்மதிக்கோணும்."

கிறிஸ்ரினா தொலைபேசியை மடியில் வைத்தாள். "அம்மா, பாசையூர்க் காணியை மாமாவுக்குக் குடுங்கோ. அந்தக் காசைப் போட்டு எங்களோடை சேர்ந்து வீட்டை வாங்குங்கோ. உங்களுக்கு அங்கை பங்கு. அப்பா, அப்ப கால் வைக்க இடம் இருக்குத்தானே?"

சிமியோன் தாடியைத் தடவினார். "மூண்டாம் மாடியிலையோ கால் வைக்கிறது?"

"லிஃப்ற் இருக்கப்பா."

"உன்ரை பேர் உறுதியிலை வந்தால் நான் கையெழுத்து வைக்கிறன்," என்றார் சிமியோன், மனைவியைப் பார்த்து. "ரெண்டு கையாலையும் வைக்கிறன்."

பெர்னடெட் இன்னும் இறங்கி வரவில்லை. "பிள்ளைக்குக் குடுக்கிறன் எண்டு வெளிக்கிட்டுப் பிள்ளையிட்டைப் பங்கு கேக்கிறதோ? அந்தப் பங்கை வைச்சு நான் என்ன செய்யிறது?"

"எனக்கு எழுதித் தாங்கோ," என்றாள் கிறிஸ்ரினா.

"என்ன?"

"இப்ப இல்லை. உங்களுக்கு மனம் வாற ஒரு நாளைக்கு. உங்கடை அம்மா உங்களுக்கு எழுதின மாதிரி, நீங்கள் அக்காவுக்கு எழுதின மாதிரி, எனக்கும் எழுதுங்கோ. வாங்கத்தான் எங்கடை ஆக்களுக்குத் தெரியாது. எழுதிக் குடுக்கத் தெரியும்தானே?"

பெர்னடெட் மகளின் கலைந்த தலையைப் பிடித்துத் தன் தோளில் வைத்து அழுத்திக்கொண்டாள். தன்னிடம் இல்லாத வீட்டை இந்தப் பிள்ளையல்லவா தனக்குத் தந்து, அதைத் திருப்பித் தனக்கே தரச் சொல்லிக் கேட்கிறது! இப்படியொரு கெட்டித்தனம் இவளுக்கு யாரிடமிருந்து வந்தது? சிமியோனிடமிருந்து வந்திருக்க வழியில்லை.

"முதல் றெஜிக்குச் சொல்லு," என்றாள் கடைசியில், மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "அவர் சம்மதிக்காமல் ஒண்டும் வேண்டாம்."

"றெஜி மாட்டன் எண்டு சொல்லமாட்டார்," என்று சொல்லியபடியே கிறிஸ்ரினா மன்னாருக்கு எடுத்தாள். தாயைப் போலத்தான் மகளும்.

நடந்ததை எல்லாம் சொன்னாள். மாமா, காணி, அப்பா, மூன்றாவது பெயர். அந்தப் பக்கத்திலிருந்து இடைக்கிடை வந்துகொண்டிருந்த "ம்" கடைசியில் நின்றுபோனது.

"றெஜி? நிக்கிறீங்களோ?"

ஏதோ சொன்னான். கிறிஸ்ரினாவின் முகம் மாறியது. தொலைபேசியைத் தாயிடம் நீட்டினாள். "உங்களோடை கதைக்கோணுமாம்."

பெர்னடெட் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வாங்கினாள். "சொல்லுங்கோ தம்பி."

"மாமி, உங்கடை பேர் வாறது எனக்குச் சந்தோசம். அது மெய்யாய்ச் சொல்லுறன்." றெஜி நிறுத்தினான். "ஆனால் ஒரு விசயம் நான் கிறிஸ்ரினாவுக்கும் சொல்லேல்லை. முற்பணம் கட்டேக்கை என்ரை சேமிப்பு எண்டு தந்தனே, அதிலை பாதி என்ரை இல்லை. எங்கடை அம்மா தன்ரை கலியாணச் சங்கிலியையும் காப்பையும் வித்துத் தந்தவ. ஒருத்தருக்கும் சொல்லாதை எண்டவ. நான்தான் மனம் கேக்காமல், அவவின்ரை பேரையும் உறுதியிலை போடுறன் எண்டு போன கிழமை அவவுக்குச் சொல்லிப்போட்டன். மாமி, இப்ப ரெண்டு தாய்மாருக்கும் எப்பிடிப் பங்கு பிரிக்கிறது, நான் என்ன செய்ய?"

சிமியோன் கண்ணால் என்ன என்று கேட்டார். கிறிஸ்ரினா தொலைபேசியோடு காதை ஒட்டிக்கொண்டு நின்றாள். மன்னாரில் ஒரு பிள்ளை மறுமொழிக்குக் காத்துக்கொண்டிருந்தது.

வழக்கமாகச் சம்பந்தியைக் கண்டால் வணக்கம் சொல்லிச் சேலையைச் சரிசெய்துகொள்வதோடு பெர்னடெட்டின் உறவு முடிந்துவிடும். இன்றைக்கு அந்த மனுசியின் வெறும் கழுத்து அவளுடைய கண்ணுக்குள் வந்து நின்றது. தன்னைப் போல இன்னொருத்தியும் சத்தமில்லாமல் இதே வீட்டுக்கு அடித்தளம் போட்டிருக்கிறாள்.

"தம்பி, நீங்கள் ஒண்டும் செய்யவேண்டாம்," என்றாள். "நாளைக்குக் காலமை உங்கடை அம்மாவை இஞ்சை வரச் சொல்லுங்கோ. நான் சொதி வைக்கிறன். உறுதியிலை ஆற்றை பேர் வாறதெண்டு நாங்கள் ரெண்டு தாய்மாரும் கதைச்சு முடிவெடுக்கிறம்."